ஓவர்கிளாக் செய்ய நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேசைக் கணினியில் விளையாடும் நண்பர்களுக்கு, குறிப்பாகச் செயலியின் வேகத்தைக் கூட்டிப் பார்க்கக் கை பரபரக்கிறவர்களுக்கு,

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கற்பலன். மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு ஒன்று. இன்றைய கணினிகளில் அது பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதைச் செயலி தனக்குள் எத்தனை மடங்காக்கிக்கொள்கிறது என்பது மற்றொன்று. மல்டிபிளையர் 43 என்றால் 4.3 கிகாஹெர்ட்ஸ், 50 என்றால் 5. தயாரிப்பாளர் உறுதியளித்த அளவுக்கு மேல் இதைக் கொண்டுபோவதுதான் ஓவர்கிளாக்கிங். பயாஸில் எண்ணை மாற்றுவது அரை நிமிட வேலை. மாற்றிய பிறகு, கோடை மதியத்தில் மணிக்கணக்காக விளையாடினாலும் கணினி தடுமாறாமல் இருக்கச் செய்வதில்தான் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்தக் கூடுதல் வேகம் எங்கிருந்து வருகிறது? ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டி எடுத்த இரண்டு சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்ட்டேஜிலேயே வேகமாக ஓடும். மற்றதற்கு அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும். ஒரே பெயரில் விற்கும் எல்லாச் சில்லுகளும், சுமாரான கூலரின் கீழ், பல ஆண்டுகள் பிழையின்றி ஓட வேண்டும் என்பதால் தயாரிப்பாளர் கொஞ்சம் இடம் விட்டே வேகத்தைக் குறிக்கிறார். விட்ட அந்த இடம்தான் ஓவர்கிளாக் செய்பவரின் கைமுதல். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதில் பெயர்பெற்றது. அதன் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது. விலை உயர்ந்த பென்டியத்தோடு போட்டி போட்டது. 2011இல் வந்த கோர் ஐ5-2500கே, 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், சாதாரணக் காற்றுக் கூலரிலேயே 4.5ஐத் தொட்டது.

அந்தக் காலம் போய்விட்டது. இப்போது தயாரிப்பாளர்களே அந்த இடத்தை டர்போ என்ற பெயரில் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். 2024 மார்ச்சில் இன்டெல் வெளியிட்ட கோர் ஐ9-14900கேஎஸ் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே 6.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதற்கு மேல் ஏற்றுவதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. பழைய கதைகளைக் கேட்டு 50 சதவீத வேகத்தை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

எல்லாச் செயலியும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. இன்டெல்லில் பெயரின் முடிவில் ‘கே’ இருக்கும் செயலிகளில்தான் மல்டிபிளையர் திறந்திருக்கும். கூடவே இசட் வரிசை சிப்செட் கொண்ட மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் கட்டுப்பாடு குறைவு. பெரும்பாலான மேசைக் கணினிச் செயலிகள் திறந்தவை. பி வரிசை, எக்ஸ் வரிசை போர்டுகள் போதும், ஏ320, ஏ520 போன்றவை ஆகாது. 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ஒரு விதிவிலக்கு: அதன் மல்டிபிளையர் பூட்டப்பட்டது.

வாங்கியாகிவிட்டது, திறந்த செயலிதான் என்றாலும் உடனே பயாஸுக்குள் போவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். ஆட்டத்தை இழுத்துப் பிடிப்பது செயலியா, கிராபிக்ஸ் கார்டா? 4கே திரையில், எல்லா அமைப்புகளையும் உச்சத்தில் வைத்து ஆடும்போது கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நிற்கும். அங்கே செயலியை எவ்வளவு விரட்டினாலும் ஒரு ஃபிரேம்கூடக் கூடாது. கவுண்டர்-ஸ்டிரைக் 2, வேலரன்ட் போன்றவற்றை 1080பி திரையில், தாழ்ந்த அமைப்பில், 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்காக ஓட்டுபவரின் நிலை வேறு. அங்கே கார்டு சும்மா இருக்க, செயலிதான் மூச்சு வாங்கும். சோதிக்க எளிய வழி உண்டு. ஆட்டத்தின் ரெசல்யூஷனை 720பி ஆகக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஃபிரேம்கள் கூடவில்லை என்றால் தடை பெரும்பாலும் செயலியின் பக்கம்தான்.

டாஸ்க் மேனேஜரில் தெரியும் மொத்தச் சதவீதத்தை இதற்கு நம்பக் கூடாது. 12 இழைகள் கொண்ட செயலியில் ஆட்டத்தின் முதன்மை இழை ஒன்று முழுச் சுமையில் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது எட்டுச் சதவீதம்தான். செயலி ஓய்வாக இருப்பதுபோலத் தோன்றும், ஆட்டமோ திக்கிக்கொண்டிருக்கும்.

இனி விவரத்துக்கு ஒரு செயலியை எடுத்துக்கொள்வது நல்லது. 2017 அக்டோபரில் வந்த கோர் ஐ7-8700கே இன்றும் செகண்ட் ஹேண்டில் கைமாறுகிறது. ஆறு கோர், 12 இழை. ஒரு கோர் மட்டும் உழைத்தால் 4.7 கிகாஹெர்ட்ஸ், ஆறும் உழைத்தால் 4.3 என்பது இன்டெல் வைத்த அளவு. பல மதர்போர்டுகள் கேட்காமலேயே ஆறு கோர்களையும் 4.7இல் ஓட்டின என்பது வேறு விஷயம். மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் என்ற பெயரில் அது பயாஸில் ஒளிந்திருந்தது. இந்தச் செயலியை வைத்திருந்தவர்கள் குறிவைத்த எண் 5 கிகாஹெர்ட்ஸ். அது எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

காரணம் வோல்ட்டேஜ். டிரான்சிஸ்டர் வேகமாகத் திறந்து மூட வேண்டுமானால் அழுத்தம் கூட வேண்டும். செயலி இப்படி இயங்குகையில் செலவழிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.20 வோல்ட்டில் 4.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சில்லை 1.35 வோல்ட்டில் 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் வேகம் 16 சதவீதம் கூடும். மின்செலவோ ஏறக்குறைய 47 சதவீதம் கூடும். சூடாகும்போது கசிவு மின்னோட்டமும் ஏறுவதால் உண்மையில் இதைவிடச் சற்று அதிகமாகவே ஆகும். அந்தக் கூடுதல் மின்சாரம் அத்தனையும் வெப்பமாக மாறி, விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கடைசி 100 மெகாஹெர்ட்ஸ் எப்போதுமே விலை கூடியது. 4.8க்கு 1.25 வோல்ட் போதும் என்று இருக்கும் சில்லு, 5.0க்கு 1.38 கேட்டால் 4.8இல் நிறுத்துவதே புத்திசாலித்தனம். அந்த இருநூறின் வித்தியாசம் ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. விசிறியின் சத்தத்தில் நன்றாகத் தெரியும்.

8700கேயின் பெட்டியில் கூலரே வராது. அதைவிடப் பெரிய குறை, சில்லுக்கும் மேலே உள்ள உலோக மூடிக்கும் இடையில் இன்டெல் பற்றவைக்காமல் பேஸ்ட் தடவியிருந்தது. எவ்வளவு பெரிய கூலரை மாட்டினாலும் வெப்பம் அந்த இடுக்கிலேயே மாட்டிக்கொண்டது. மூடியைக் கழற்றி, திரவ உலோகம் தடவி மீண்டும் மூடும் டீலிட்டிங் என்ற வித்தை அதனால்தான் பரவியது. செய்தவுடன் வாரண்டி போகும்; கை தவறினால் செயலியும் போகும். அந்தத் திரவத்தில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அலுமினிய அடித்தட்டு கொண்ட கூலரின் மேல் அது படவே கூடாது. 2018இல் வந்த 9900கேயில் இன்டெல் மீண்டும் பற்றவைப்புக்கே திரும்பிவிட்டது.

கூலரின் திறமையை அறையின் வெப்பத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கூலர் செய்வதெல்லாம் சில்லை அறையின் வெப்பத்தைவிட இத்தனை டிகிரி மேலே நிறுத்திவைப்பதுதான். 22 டிகிரி அறையில் 74இல் நின்ற செயலி, 36 டிகிரி அறையில் 88இல் நிற்கும். வெளிநாட்டு ஆய்வாளர் ஏசி அறையில் எடுத்த எண்களை வேலூரிலோ திருச்சியிலோ மாடி அறையில் மே மாதத்தில் எதிர்பார்க்க முடியாது. அதனால் சோதனையை டிசம்பர் இரவில் முடித்துவிட்டு நிம்மதியாக இருப்பது தவறு. ஏசி இல்லாமல் ஆடுபவர் ஏசி இல்லாமலே, வெயில் நேரத்தில் சோதிக்க வேண்டும். 8700கே 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டத்தின்போது 80க்குள்ளும், கடுஞ்சோதனையில் 90க்குள்ளும் வைத்திருப்பது நல்ல இலக்கு. கேபினெட்டின் தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்வது, பயாஸில் செய்யும் பல வித்தைகளைவிடப் பலன் தரும்.

வோல்ட்டேஜை மாற்றி அனுப்பும் விஆர்எம் பகுதி மதர்போர்டில் சாக்கெட்டைச் சுற்றி இருக்கிறது. அதுவும் சூடாகும். காற்றுக் கூலர் இருந்தால் அதன் விசிறிக் காற்றில் கொஞ்சம் இதன் மேலும் படும். தண்ணீர்க் கூலருக்கு மாறியவர்களின் கணினியில் அந்தக் காற்று நின்றுபோவதால் செயலி குளிர்ந்திருக்க, விஆர்எம் கொதிக்கும். அங்கே வெப்பம் எல்லை மீறினால் போர்டு செயலியின் வேகத்தைச் சட்டென்று இறக்கும். விளையாடுபவருக்குக் காரணமே புரியாது. தரமில்லாத எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு ஓவர்கிளாக் பற்றிப் பேசுவதே வீண்.

வேலையைத் தொடங்குமுன் எதையும் மாற்றாத நிலையில் வெப்பம், சினிபெஞ்ச் மதிப்பெண், விளையாடும் ஆட்டங்களின் ஃபிரேம் அளவு மூன்றையும் குறித்துவைக்க வேண்டும். முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுத்துவிட வேண்டும். ரேமின் எக்ஸ்எம்பியை அணைத்துவைக்க வேண்டும். இல்லையென்றால் பிழை வரும்போது குற்றவாளி செயலியா ரேமா என்று தெரியாது. பிறகு மல்டிபிளையரை ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பத்துப் பதினைந்து நிமிடம் சோதித்துப் பார்க்கலாம். தடுமாறும் இடம் வந்ததும் வோல்ட்டேஜை 0.01, 0.02 என்று சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். ஆட்டோ என்று விட்டுவிடுவது பெரிய தவறு. எந்தச் சில்லும் விழுந்துவிடக் கூடாது என்ற கவலையில் மதர்போர்டு தேவைக்கு மேல் வாரி வழங்கும், 1.30 போதுமான இடத்தில் 1.42 ஓடிக்கொண்டிருக்கும். 8700கே தலைமுறைக்கு அன்றாடப் பயன்பாட்டில் 1.35 வரை நிம்மதி, 1.40 எல்லை என்பது அனுபவசாலிகள் வைத்துக்கொண்ட அளவு.

பயாஸில் எழுதிய வோல்ட்டேஜ் அப்படியே சில்லுக்குப் போய்ச் சேருவதில்லை. சுமை ஏறும்போது அது தானாகச் சற்று இறங்கும். அப்படி இறங்கும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். இறக்கத்தை ஈடுகட்டும் அமைப்புக்கு லோட்லைன் கேலிபரேஷன் என்று பெயர். அதை உச்சத்தில் வைத்தால் இறக்கமே இருக்காது என்று பலர் மகிழ்கிறார்கள். ஆனால் சுமை திடீரென்று விலகும் நொடியில் வோல்ட்டேஜ் வைத்த அளவையும் தாண்டி ஒரு துள்ளு துள்ளும். சாதாரண மென்பொருளில் அந்தத் துள்ளல் பதிவாகாது. அவ்வளவு குறுகிய நேரம். நடுத்தர நிலையே போதும். ஏவிஎக்ஸ் கட்டளைகள் வரும்போது மட்டும் வேகத்தைக் குறைக்கும் ஆஃப்செட்டும் உண்டு: 50க்கு 2 என்று வைத்தால் அந்தக் கனமான வேலைகளில் 4.8இல் ஓடும். ஆனால் பல ஆட்டங்களும் ஏவிஎக்ஸைப் பயன்படுத்துவதால், ஆஃப்செட்டைப் பெரிதாக வைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் என்று பெருமைப்படுவதில் பொருளில்லை.

நிலைத்தன்மைக்கு வருவோம். விண்டோஸ் திறந்தது, சினிபெஞ்ச் ஒருமுறை ஓடி முடிந்தது என்பதெல்லாம் சான்றல்ல. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட பிரைம்95 இன்றும் கடுமையான சோதனைகளில் ஒன்று. விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் போட்டுப் பார்த்து, ஓர் எண் பிசகினாலும் அந்த இழையை நிறுத்திவிடும். ஓசிசிடி, ஒய்-கிரஞ்சர் இரண்டும் வேறு வேறு கோணத்தில் தாக்கும். பிரைம்95இன் சிறிய எஃப்எஃப்டி சோதனை எந்த ஆட்டமும் தராத வெப்பத்தைத் தரும்; விளையாட்டுக்கு மட்டுமே பயன்படும் கணினிக்கு அதை இரவு முழுக்க ஓட்டுவது தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரை மணி நேரம்கூடத் தாங்காத கணினியை நிலையானது என்று சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கத்து உண்மையும் உண்டு. கடுஞ்சோதனையில் தேறிய கணினி, ஆட்டம் ஏற்றும் திரையில் விழுவதுண்டு. கடுஞ்சோதனையில் சுமை சீராக இருக்கும். ஆட்டத்தில் சுமை நொடிக்கு நொடி ஏறி இறங்கும்; வோல்ட்டேஜும் கூடவே அலையும். அன்ரியல் எஞ்சினில் எழுதிய ஆட்டங்கள் தொடக்கத்தில் ஷேடர்களைத் தொகுக்கும்போது எல்லாக் கோர்களும் ஒரே மூச்சில் உழைக்கும். சுருக்கிவைத்த கோப்புகளை விரிக்கும்போது ஒரு பிட் மாறினாலும் போதும், ஆட்டம் எந்தச் செய்தியும் இல்லாமல் மூடிக்கொள்ளும். பழி ஆட்டத்தை எழுதியவர்கள் மேல் விழும்.

விழாமலே பிழை செய்யும் கணினிதான் ஆபத்தானது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ லாகர் என்ற பெயரில் பதிவுகள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். எண் 19 என்றால் வன்பொருள் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது. எண் 18 என்றால் திருத்த முடியாமல் போனது. 19 ஒன்றிரண்டு வந்தாலே அந்த அமைப்பு விளிம்பில் நிற்கிறது என்று பொருள். வோல்ட்டேஜை ஒரு படி கூட்ட வேண்டும், அல்லது வேகத்தை ஒரு படி இறக்க வேண்டும். இரண்டாவதே மேல். திருத்தப்படாத பிழைகள் சேமித்த ஆட்டத்தையும் கோப்புகளையும் சத்தமில்லாமல் சிதைக்கக்கூடியவை.

செயலி தேறிய பிறகே ரேம். எக்ஸ்எம்பி, ஏஎம்டி பக்கம் எக்ஸ்போ இரண்டுமே ஒரு பொத்தானில் முடிந்துவிடுவதால் அவற்றை ஓவர்கிளாக் என்று யாரும் நினைப்பதில்லை. உண்மையில் அவையும் தர அளவைத் தாண்டியவையே. மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை முழுச் சுற்று ஓட்டிவிட்டுத்தான் நம்ப வேண்டும். ஆட்டங்களில் ரேமின் வேகம் பல சமயம் செயலியின் கூடுதல் 200 மெகாஹெர்ட்ஸைவிட அதிகம் உதவும். எக்ஸ்எம்பியை இயக்காமல், ரேமை 2133இலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, செயலியை மட்டும் போட்டு வதைப்பவர்கள் எத்தனையோ பேர்.

ரைசன் வைத்திருப்பவருக்குப் பாதை வேறு. எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டுவது அங்கே நட்டத்தில் முடியும். ரைசன் 5 5600எக்ஸ் தானாகவே 4.6 கிகாஹெர்ட்ஸைத் தொடும், அதை 4.5இல் பூட்டினால் ஆட்டத்துக்கு மிகவும் தேவையான ஒற்றைக் கோர் வேகம் குறைந்தே போகும். பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவை இயக்கி, கர்வ் ஆப்டிமைசரில் எதிர்மறை எண் கொடுப்பதே அங்கே வழி. அதே வேகத்துக்கு வோல்ட்டேஜைக் குறைத்தால் வெப்பம் குறையும். அந்த மிச்சத்தில் செயலி தானே மேலே ஏறிக்கொள்ளும். கோர் ஒவ்வொன்றுக்கும் தாங்கும் அளவு வேறு: ஒன்று −30ஐத் தாங்கும், பக்கத்தில் இருப்பது −10இலேயே விழும். பெரும்பாலும் ஆட்டத்தின் நடுவே இல்லாமல், கணினி சும்மா இருக்கும்போதுதான் விழும். ஒற்றைக் கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவுவது அப்போதுதான். கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். அதை ஓட்டாமல் கர்வ் ஆப்டிமைசரை முடித்துவிட்டதாகச் சொல்லக் கூடாது.

வோல்ட்டேஜின் தீங்கு உடனே தெரிவதில்லை. உயர் மின்னோட்டமும் வெப்பமும் சேர்ந்து சில்லின் உள்ளே இருக்கும் நுண்ணிய இணைப்புகளைக் காலப்போக்கில் தேய்க்கும். ஓராண்டு ஓடிய அமைப்பு ஒருநாள் விழத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் வோல்ட்டேஜ் கேட்கும். கொடுத்தால் இன்னும் வேகமாகத் தேயும். இது ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லையும் அல்ல. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைச் செயலிகள் பல, யாரும் கைவைக்காமலேயே விழுந்தன. ஆட்டங்கள், கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று பொய்யான காரணம் காட்டி மூடிக்கொண்டன. செயலியே அளவுக்கு மீறிய வோல்ட்டேஜைக் கேட்டு வாங்கியதும் அதற்கு ஒரு காரணம் என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, அந்தக் கோரிக்கையை 1.55 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் மைக்ரோகோடை ஆகஸ்டில் வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்த சில்லை அந்தத் திருத்தம் மீட்காது. அதற்கு முந்தைய ஆண்டு ஏஎம்டியின் 7000 வரிசை எக்ஸ்3டி செயலிகள் சில சாக்கெட்டிலேயே கருகியபோது, எஸ்ஓசி வோல்ட்டேஜை 1.3க்கு மேல் போகவிடாமல் பயாஸ் வழியாகப் பூட்டினார்கள். இந்த இன்டெல், ஏஎம்டி செயலிகளை வைத்திருப்பவர் வேறு எதையும் செய்வதற்கு முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

கணினி திரையே காட்டாமல் நின்றுவிட்டால் பதற்றம் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் உள்ள கிளியர் சிமாஸ் முனைகளை இணைத்தாலோ, வட்டப் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிவைத்தாலோ பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை வாரண்டி பொதுவாக ஏற்காது என்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

கடைசியாக, புதுக் கணினிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களிடம் ஒரு சொல். ‘கே’ செயலிக்கும், இசட் போர்டுக்கும், பெரிய கூலருக்கும் சேர்த்து ஆகும் கூடுதல் தொகையை கிராபிக்ஸ் கார்டின் பக்கம் திருப்புங்கள். ஆட்டத்தில் அது தரும் ஃபிரேம்களை எந்த ஓவர்கிளாக்கும் தராது. திறந்த செயலி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் தாராளமாகச் செய்து பாருங்கள். சில்லு சிரமப்படாமல் எட்டும் வேகத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஒருமுறை மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.